ஆறு துளைகளுக்கு விளக்கக் கடிதம்

பள்ளி திறக்க இருபத்திரண்டு நாள் இருந்தது. பெரிய டீச்சருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு தாழ்ப்பாள்.

பெரிய டீச்சர் என்றதும் ஆள் ஆஜானுபாகு என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தடிக்கு ஒரு விரல்கடை குறைவு. நாலே நாலு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் அவர்தான் தலைமை ஆசிரியை, அதனால் பெரிய டீச்சர். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த கழிப்பறையில் இரண்டு பகுதி. பையன்களுக்கு ஒரு சுவர். பெண்பிள்ளைகளுக்கு ஓர் அறை, அதற்கு ஒரு கதவு. நிலை சாய்ந்துபோனதால் அந்தக் கதவு யாரும் தொடாமலே தானாக வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. தோழி ஒருத்தி வெளியே முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும்.

போன வருஷம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே இருக்கும்போது கதவு திறந்துகொண்டது. எதிரே பையன்கள் கூட்டம். மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள், என் வாயால் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. காலை எட்டு மணிக்கு வந்து மாலை நாலரைக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் சும்மா இருக்குமா? "ஒட்டகம்" என்று பேர் வைத்துவிட்டார்கள். வருஷக் கடைசியில் ஒட்டகத்துக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, பத்து நாள் படுத்துவிட்டாள்.

அவளுடைய அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். பேச்சும் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் வரும். "டீச்சர், தாழ்ப்பாள் இருந்தா அனுப்புறேன். இல்லன்னா அவ வீட்டுல இருக்கட்டும். படிப்பு வேணும்தான், அதுக்காக உடம்பைக் கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

"பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்குத் தாழ்ப்பாள் இருக்கும்மா. இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். சொன்னபோது அது பெரிய வாக்காகவே அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

அந்த வாரம்தான் மாவட்டம் தயாராக ஆரம்பித்தது.

புதுக் கல்வியாண்டுக்கு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளையும் தயார் செய்வதற்காக "தயார்நிலைப் பிரிவு" என்று ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளரையும் போட்டிருந்தார்கள். கையில் டேப்லெட், காதில் ஒரு பொத்தான், முகத்தில் எப்போதும் யாரோ போட்டோ எடுப்பதுபோல் ஒரு சிரிப்பு. அவர் அனுப்பிய படிவத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்வி. "மரங்கள் நேராக உள்ளனவா?" என்றுகூட ஒரு கேள்வி இருந்தது. எண்பத்தேழாவது கேள்வி: "கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உள்ளதா?"

பெரிய டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடடே, கேட்கிறார்களே! "இல்லை" என்று பதிலைத் தட்டினார். மறுநாள் காலையே போன் வந்துவிட்டது.

"மேடம், எண்பத்தேழுக்கு 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா தம்பி. தாழ்ப்பாள் இல்லை."

"இல்லாம இருக்கலாம் மேடம், அது வேற. ஆனா 'இல்லை'ன்னு போட்டா உங்க பள்ளி சிவப்பாயிடும். மாவட்டத்துல முன்னூத்திப் பதினோரு பள்ளி. முன்னூத்திப் பத்து பச்சை. உங்க ஒருத்தராலதான் படம் கெட்டுப்போய் நிக்குது."

"அப்ப 'ஆம்'னு போட்டுடவா?"

"ஐயோ! பொய்த் தகவல் கொடுத்தா நடவடிக்கை எடுப்போம் மேடம்."

"அப்ப என்னதான் தம்பி போடுறது?"

"சரியான பதிலைப் போடுங்க."

"சரியான பதில் எது?"

"பச்சையா வர்றது எதுவோ அது" என்று சொல்லி, இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று பெருமூச்சு விட்டு, போனை வைத்தார் ஒருங்கிணைப்பாளர்.

பெரிய டீச்சரின் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். எஞ்சினையே பிரித்து மாட்டுகிறவர். "ஒரு தாழ்ப்பாளுக்கா இவ்வளவு ரகளை? குடு, அரைமணி நேரத்துல மாட்டிட்டு வந்துடுறேன்" என்றார்.

"முறையா கேட்போங்க. கேட்டா குடுக்காமலா போயிடுவாங்க?"

"கேட்டுப் பாரு, கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

முறையாகக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு மூன்றே நாளில் பதில் வந்தது. பள்ளிகளைத் தயார்படுத்தும் பணி மும்முரமாக நடைபெறுவதால், பள்ளிகளின் தேவைகளைக் கவனிக்க இயலவில்லை. பணி முடிந்ததும் கவனிக்கப்படும். கடிதத்தோடு மூன்று நாள் பயிற்சிக்கு அழைப்பும் வந்திருந்தது.

அந்தப் பயிற்சிக் கூத்தை என்னவென்று சொல்ல! முன்னூற்றுப் பதினோரு தலைமை ஆசிரியர்களையும் மாவட்ட அலுவலக மைதானத்தில் வெயிலில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு புத்தகப் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். அது "முதல் மணி ஒத்திகை". மணி அடித்ததும் எல்லாரும் குழந்தைகளைப்போல் ஓடிவர வேண்டும். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிற, இரண்டு முட்டியும் தேய்ந்துபோன ஒரு மனிதர் பெரிய டீச்சருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கரண்ட் போய் மணி அடிக்கவில்லை. அடித்ததாக நினைத்துக்கொண்டு ஓடச் சொன்னார்கள். ஓடினார்கள்.

"மூணாவது வரிசையில் மகிழ்ச்சி பத்தலை. மறுபடி வாங்க!" என்று ஒலிபெருக்கி இல்லாமலே கத்தினார் ஒருங்கிணைப்பாளர்.

மூன்றாவது வரிசை மறுபடி ஓடியது. முட்டி தேய்ந்தவர் சிரித்துக்கொண்டே ஓடியதைப் பெரிய டீச்சரால் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் டீ இடைவேளையில், எதற்கும் பெரியவரையே பார்த்துவிடுவோம் என்று மாவட்ட அதிகாரியின் அறைக்குப் போனார். அறைக்கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு காவல் ஆள், கதவில் பளபளவென்று முழநீளப் பித்தளைத் தாழ்ப்பாள். ஒன்றேமுக்கால் மணி நேரம் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே நின்றார் பெரிய டீச்சர். பிறகு உள்ளே விட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதர்தான். முழுசாகக் கேட்டுக்கொண்டார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

"மேடம், இந்த வருஷம் நம்ம மாவட்டத்தோட முழக்கம் என்னன்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன? ஊர் முழுக்கப் பேனர் தொங்கியது. "எல்லாக் கதவுகளும் குழந்தைகளுக்குத் திறந்தே இருக்கும்."

"முழக்கத்தை வெளியிட்ட பிறகு நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் தாழ்ப்பாள் கொடுப்பேன்? யோசிச்சுப் பாருங்க. தாழ்ப்பாள்னா என்ன? அவநம்பிக்கை. ஒரு குழந்தை உள்ள போய்த் தாழ் போட்டுக்குதுன்னா, வெளிய இருக்கிற சமூகத்தை அது நம்பலைன்னுதானே அர்த்தம்? நாம குழந்தைங்களை அப்படி வளர்க்கலாமா? நானும் இருபத்தெட்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு தாழ்ப்பாள்கூட நான் கொடுத்ததில்லை. மாவட்டம் நடக்கத்தானே செய்யுது?"

"சார், ஒரு பொண்ணு தண்ணி குடிக்க மாட்டேங்குறா" என்று மட்டும் சொன்னார் பெரிய டீச்சர்.

"அப்படியா? தண்ணீர் சிக்கனம்னு ஒரு தலைப்பு இருக்கு, கேள்வி நூத்திநாப்பது. அதுல அந்தப் பொண்ணைப் போடுங்க" என்று உற்சாகமாகச் சொன்னார் அதிகாரி.

வெளியே வந்ததும் பின்னால் பித்தளைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அன்று வீட்டுக்குப் போனதும் பெரிய டீச்சர் பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தார். "என்னங்க, நாளைக்கே போய் மாட்டிட்டு வந்துடுங்க. கேட்டது என் புத்திக் கோளாறு" என்றார். வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் போய் நல்ல கெட்டியான இரும்புத் தாழ்ப்பாளாக வாங்கி வந்து மாட்டினார். கதவில் நாலு திருகாணி, நிலையில் இரண்டு. தள்ளினால் 'டக்' என்று உட்கார்ந்தது. பெரிய டீச்சர் பயிற்சி முடிந்து வந்து அதை ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். அன்றைக்குத்தான் அந்த மனுஷி ஒழுங்காகத் தூங்கினார்.

நிம்மதி நாலு நாள்தான். ஐந்தாம் நாள் ஒருங்கிணைப்பாளர் இரண்டு உதவியாளர்களோடு வந்து இறங்கினார்.

"மேடம், நீங்க பயிற்சியில இருந்தப்ப முதல் நாளே உங்க பள்ளியைப் போட்டோ எடுத்துப் பதிவு பண்ணிட்டோம். அன்னிக்குத்தான் உறைநாள். உறைநாளுக்கு அப்புறம் பள்ளியில ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. இப்ப இந்தக் கதவுல ஒரு தாழ்ப்பாள் இருக்கு. போட்டோவுல இல்லை."

"பிள்ளைங்களுக்காக மாட்டினது தம்பி. இப்ப பள்ளி தயாராத்தானே ஆயிருக்கு?"

"அதுதான் மேடம் பிரச்சனையே! உங்க பள்ளி ஏற்கனவே தயார்னு நாங்க அறிவிச்சாச்சு. தயாரான பள்ளியை மறுபடி தயார் பண்ணினா, முதல்ல தயாராகலைன்னு ஆகிடாதா? யார் பதில் சொல்றது?"

"எண்பத்தேழு சிவப்பா இருந்துச்சே?"

"அந்தக் கேள்வியை மாத்திட்டோம். 'கதவைப் பாதுகாக்க ஏற்பாடு உள்ளதா?' அவ்வளவுதான். பள்ளிக்கு ஒரு கதவுக் காவல் குழு, ஒரு மாணவி, ஒரு பேட்ஜ். ஏற்பாடு ஆயிடுச்சு. பச்சை!" என்று டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

உதவியாளர்கள் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். அதையும் ஆறு திருகாணியையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, குறுக்கே பெரிய டீச்சரிடம் கையெழுத்து வாங்கி, அவரிடமே பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள். கவரைப் பிரித்தால் வேலைக்கே ஆபத்து என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். இனிமேல்தான் வினை. கதவில் நாலு, நிலையில் இரண்டு, ஆக மொத்தம் ஆறு துளை இருந்தது. அதுவும் போட்டோவில் இல்லை.

"துளைகள் ஏற்பட்ட விதம் குறித்து விளக்கம் அளிக்கவும்" என்று மறுநாள் கடிதம் வந்தது.

பெரிய டீச்சர் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர்தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "எழுது. திருகாணி உள்ளே போனதால் துளை ஏற்பட்டது. வெளியே எடுத்ததால் அது தெரிய வந்தது."

அதற்கும் பதில் வந்தது. விளக்கம் திருப்திகரமாக இல்லை; ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியே விளக்கம் தேவை. பெரிய டீச்சர் ஆறு கடிதம் எழுதினார். ஆறையும் எழுதி முடித்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, தன் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்து அவருடைய கைப்பைக்குள் போட்டார்.

பள்ளி திறந்தது.

இஸ்திரிக்காரம்மா மகளை அழைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். "போட்டாச்சா டீச்சர்?"

பெரிய டீச்சருக்குத் தலை நிமிரவில்லை. "போட்டேம்மா. கழட்டிட்டாங்க."

அந்த அம்மா மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலாம். "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். பேரு வெட்டுறதுன்னா சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

பத்து மணிக்கு மாவட்ட அதிகாரி வந்தார். அன்றைக்கு அவர் திறந்துவைக்கும் நாலாவது பள்ளி அது. முதல் மூன்று பள்ளியிலும் மரியாதைக்காக டீ கொடுத்திருந்தார்கள், அவரும் மரியாதைக்காகக் குடித்திருந்தார். காரிலிருந்து இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "எங்க மேடம், அந்த..." என்றார்.

பையன்களின் சுவருக்கு முந்தின நாள்தான் தயார்நிலைப் பெயிண்ட் அடித்து, "ஈரம், தொடாதே" என்று கயிறு கட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது பெண்பிள்ளைகளின் அறைதான். அதிகாரி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். போன வேகத்தில் கதவு தானாகத் திறந்துகொண்டது. இழுத்துச் சாத்தினார். திறந்துகொண்டது. ஒருங்கிணைப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்து, கண்ணில் பட்ட முதல் பெண்ணைக் கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்து "கதவுக் காவலர்" பேட்ஜை எடுத்து அவளுக்குக் குத்திவிட்டார். அது நம் ஒட்டகம்தான். அவள் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றாள். சோப்பும் துண்டுமாகப் பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"யாரும்மா வெளிய?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கதவுக் காவல் சார்."

"நல்லாப் பிடிச்சுக்கோ. காத்து அடிக்குது."

"பிடிச்சிருக்கேன் சார்."

அந்த நேரம் பார்த்துப் பள்ளி மணி அடித்தது. பிள்ளைகளெல்லாம் மைதானத்துக்கு ஓடும் சத்தம்.

"ஏம்மா! நீ போயிடாதே! இருக்கியா?"

"இருக்கேன் சார். பயப்படாதீங்க, நான் போக மாட்டேன். போன வருஷம் என் ஃப்ரெண்டு இப்படித்தான் எனக்குக் கதவைப் பிடிச்சுட்டு நின்னா. மணி அடிச்சதும் மறந்துபோய் ஓடிட்டா, கதவு திறந்துக்கிச்சு. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். நீங்க நிதானமா வாங்க."

பெரிய டீச்சர் கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வெளியே வந்தார். கை கழுவினார். துடைத்தார். அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். இப்போதாவது அந்த மனுஷனுக்கு உறைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? பெரிய டீச்சரும் அப்படித்தான் நினைத்தார்.

"பாத்தீங்களா!" என்று ஒருங்கிணைப்பாளரின் முதுகில் தட்டினார் அதிகாரி. "காவல் குழு எவ்வளவு பிரமாதமா வேலை செய்யுது! மணி அடிச்சும் அசையலை பாருங்க அந்தப் பொண்ணு. இன்னிக்கே எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கை அனுப்புங்க. எங்கெல்லாம் தாழ்ப்பாள் இருக்கோ, எல்லாத்தையும் கழட்டிடலாம்."

பெரிய டீச்சருக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. இருபத்தாறு வருஷ வேலையில் அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. இதற்காகவா வெயிலில் பையை மாட்டிக்கொண்டு ஓடினேன்? இதற்காகவா ஆறு கடிதம் எழுதினேன்? அதிகாரியை மேடையில் ஏற்றி உட்கார வைத்தார். கையில் மைக்கைக் கொடுத்தார். "சார், எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க" என்று கும்பிட்டுவிட்டு நேரே தன் அறைக்குப் போனார். அலமாரியைத் திறந்தார். பழுப்புக் கவரை எடுத்து, அரக்கோடும் தன் கையெழுத்தோடும் சேர்த்துக் குறுக்கே கிழித்தார்.

"அன்புக் குழந்தைகளே! கதவு என்பது என்ன?" என்று மைதானத்தில் கேட்டார் அதிகாரி.

பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்தார். விளக்கம் கேட்கப்பட்ட துளைகள் ஆறும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒட்டகம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் திருகினார். உள்ளங்கைத் தோல் உரிந்தது, அதையெல்லாம் யார் பார்த்தது? "மூடிய கதவு எதையும் கற்பதில்லை!" என்ற இடத்தில் நாலாவது திருகாணி இறங்கியது. நிலையில் இருந்த இரண்டும் முடிந்தபோது அதிகாரி தன் பள்ளி நாட்களுக்கே இன்னும் வந்து சேரவில்லை.

வாசலில் நின்றிருந்த இஸ்திரிக்காரம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து, உள்ளே போய், மூன்று தரம் தாழ்போட்டு, வெளியே மகளை விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். கதவு அசையவில்லை. வெளியே வந்து டீச்சரின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் கூட்டிட்டுப் போக வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

ஒட்டகம் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஒரு வருஷமாகப் பள்ளியில் திறக்காத பாட்டில். மூடியைத் திறந்து டீச்சரைப் பார்த்தாள்.

"குடி தங்கம்" என்றார் டீச்சர்.

அவள் அண்ணாந்து முழுப் பாட்டிலையும் குடித்தாள்.

அதிகாரி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நடுவில் தொண்டை வறளுகிறதென்று இரண்டு தம்ளர் பழச்சாறு கேட்டு வாங்கிக் குடித்தார். கைதட்டல் ஓய்வதற்குள் மேடையை விட்டு இறங்கி, மாலையைக்கூடக் கழற்றாமல், பின்பக்கம் ஓட்டமும் நடையுமாக வந்தார். கதவை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"ஆள் இருக்கு!" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"யாரது? நான் மாவட்ட அதிகாரி!"

உள்ளே ஒரு நொடி யோசனை. பிறகு பதில் வந்தது. "இருங்க சார், வர்றேன்."

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த ஒருங்கிணைப்பாளர் கதவையும் டேப்லெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மேடம்... இது போட்டோவுல... எண்பத்தேழு..." என்று குழறினார்.

"எண்பத்தேழா தம்பி?" உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டார் பெரிய டீச்சர். "'ஆம்'னு போட்டுக்கோங்க."

அதிகாரி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். வரிசையில் அவருக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். உள்ளே அவள் மெதுவாகத் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.